பழைய விமான நிலையச் சாலையும் பயணியின் விசுவாசமும்

அடிக்கடி பறப்பவர்களுக்குப் புள்ளி வழங்கி, அது போதிய அளவு சேர்ந்ததும் இலவசப் பயணச்சீட்டாகவோ உயர்வகுப்பு இருக்கையாகவோ மாற்றிக்கொள்ள விடும் ஏற்பாடுகளை விமான நிறுவனங்கள் விசுவாசத் திட்டங்கள் என்று அழைக்கின்றன. இந்தியாவில் இவற்றுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அதன் முக்கியமான திருப்பங்களைப் பெங்களூரின் தொம்மலூர் வழியாகச் செல்லும் ஒரே சாலையை வைத்துச் சொல்லிவிடலாம். டிரினிட்டி சர்க்கிளிலிருந்து கிழக்கே தொம்மலூர், கோடிஹள்ளி, முருகேஷ்பாளையம் என்று போகும் அந்தச் சாலையின் ஓரத்தில்தான் 2008 மே வரை நகரத்தின் பயணிகள் விமான நிலையம் இருந்தது. நிலையம் போய்விட்ட பிறகும் 'ஓல்டு ஏர்போர்ட் ரோடு' என்ற பெயர் போகவில்லை. இந்தியாவின் முதல் மலிவுக் கட்டண நிறுவனமும், மிக ஆடம்பரமாக நடத்தப்பட்ட நிறுவனமும் இதே நகரத்தில் தோன்றின. இரண்டும் இன்று இல்லை.

புள்ளித் திட்டத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அங்கே 1978 வரை ஓர் அரசு வாரியம் தீர்மானித்துவந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியதும் கட்டணப் போர் மூண்டது. டெக்சாஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 1979-ல் மைல் கணக்கு வைத்துப் பரிசு தரத் தொடங்கியது. 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் இறங்கியது. அடிக்கடி வருபவர் யார் என்று கண்டுபிடிக்க அமெரிக்கன் கையாண்ட வழி எளிமையானது: 'சேபர்' கணினி முன்பதிவுகளில் எந்தத் தொலைபேசி எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தேடி எடுத்தார்கள். வழக்கமான பயணிகளுக்குச் சலுகைக் கட்டணம் தருவதே முதலில் இருந்த யோசனை. கட்டணத்தைக் குறைத்தால் போட்டியாளர் மறுநாளே அதற்கும் கீழே இறங்கலாம். ஒருவருடைய கணக்கில் சேர்ந்துவிட்ட மைல்களை அப்படி நகலெடுக்க முடியாது. ஆனால் திட்டத்தையே எல்லோரும் நகலெடுத்தார்கள். 1988-ல் நிறுவனங்கள் ஒன்றை ஒன்று பார்த்து மூன்று மடங்கு மைல் கொடுக்கும் நிலை வந்தது. எல்லோரிடமும் திட்டம் இருந்ததால் அதனால் யாருக்கும் தனி லாபமில்லை; நிறுத்தவும் யாருக்கும் துணிவில்லை.

இந்தியாவில் அப்போது இப்படி ஒன்றுக்குத் தேவையே எழவில்லை. 1953-ன் விமானக் கழகச் சட்டம் அதுவரை இருந்த தனியார் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று இரண்டு கழகங்களின் கையில் கொடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பெங்களூரிலிருந்து சென்னைக்கோ பம்பாய்க்கோ அட்டவணைப்படி பறக்க ஒரே நிறுவனம்தான். பயணி எத்தனை முறை வந்தாலும் அதை விசுவாசம் என்று சொல்ல வழியில்லை. போக வேறு இடம் இருந்தால்தானே போகாமல் இருந்ததற்கு ஒரு பொருள் உண்டு?

இந்தக் கேள்வியைப் பொருளியலில் அழுத்தமாக எழுப்பியவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். தரம் குறையும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு என்று 1970-ல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார்: விலகிப் போகலாம், அல்லது இருந்துகொண்டே குரல் எழுப்பலாம். விசுவாசம் உள்ளவர் உடனே விலக மாட்டார். நிலைமை திருந்தும் என்று நம்பிக் குரல் கொடுப்பார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நைஜீரிய ரயில்வே. லாரிப் போட்டி வந்த பிறகும் அது திருந்தவில்லை. திருத்தக்கூடிய அளவு குரல் உள்ள வாடிக்கையாளர்களே முதலில் லாரிக்குப் போய்விட்டார்கள். விமானப் புள்ளிகளைப் பற்றி ஹிர்ஷ்மன் எழுதவில்லை. அப்போது அவை இல்லை. ஆனாலும் இந்தத் திட்டங்களை எடைபோட அவருடைய அளவுகோலைவிட நல்லது கிடைப்பது அரிது. புள்ளி, பயணி விலகிப் போவதற்கு ஒரு விலை வைக்கிறது. அவருடைய குரலுக்கு அது இடம் தருகிறதா என்பது தனிக் கேள்வி.

தொம்மலூர் விமானங்களுக்காக உருவான ஊரன்று. சொக்கநாதசுவாமி கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. போசள வீரராமநாதன் காலத்துக் கட்டளைகளும், சொக்கப்பெருமாளுக்கு நிலமும் வரி வருவாயும் கொடுத்த செய்திகளும் அவற்றில் உண்டு. சாலையின் மறுகோடியில் 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையுடன் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியபோதுதான் இந்தப் பக்கத்துக்கு விமானத் தொடர்பு வந்தது. பின்னாளில் அது எச்.ஏ.எல். ஆயிற்று. அந்த ஓடுதளத்தையே பயணிகள் விமானங்களும் பயன்படுத்தின. தேசிய விண்வெளி ஆய்வகம், இஸ்ரோவின் செயற்கைக்கோள் மையம், பாதுகாப்பு ஆய்வுக் கூடங்கள் எல்லாம் இதே கிழக்குத் திசையில் அமைந்தன. 1990-களுக்குப் பிறகு தொம்மலூரை ஒட்டிய செல்லகட்டாவில், கோல்ஃப் மைதானத்தின் அருகே, எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் அலுவலக வளாகம் எழுந்தது, ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் அங்கே குடியேறின. ஆக ஒரே சாலையில் இரண்டு வகைப் பயணிகள் உருவானார்கள். ஒருவர் அரசுச் செலவில் பறப்பவர், மற்றவர் தனியார் கம்பெனிச் செலவில் பறப்பவர். சொந்தக் காசில் பறப்பவர் அன்று சிறுபான்மை.

தனியார் விமானங்களுக்கு 1990-களின் தொடக்கத்தில் வழி திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோதிலுஃப்ட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. எல்லாம் வந்தன, பத்தாண்டு முடிவதற்குள் எல்லாம் மறைந்தன. 1993 மே மாதம் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் நிலைத்தது. 1953-ன் சட்டம் 1994-ல் நீக்கப்பட்டது. ஜெட்டின் 'ஜெட்பிரிவிலேஜ்', ஏர் இந்தியாவின் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' ஆகியவை அந்தப் பத்தாண்டில் வேர்விட்டன. வெள்ளி அட்டை, தங்க அட்டை, தனி வரிசை, காத்திருக்கும்போது லவுஞ்சில் காபி: இவை இந்திய அலுவலகப் பேச்சில் நுழைந்தது அப்போதுதான்.

இங்கேதான் விசுவாசம் என்ற சொல் முதல்முறையாகத் தடுமாறுகிறது. பெங்களூர்–டெல்லி பயணச்சீட்டுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. புள்ளி சேர்வது ஊழியரின் சொந்தக் கணக்கில். ஒரு நிறுவனத்தில் சற்று மலிவான கட்டணமும் இன்னொன்றில் சேர்ந்துகொண்டிருக்கும் புள்ளிகளும் இருந்தால், ஊழியர் எதைத் தேர்வார் என்பதில் மர்மம் இல்லை. கட்டணம் கொடுப்பவரும் தேர்ந்தெடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதே இந்தத் திட்டங்கள் தழைத்த மண். பட்டவர்த்தனமாகச் சொன்னால், முதலாளியின் பணத்தைச் செலவிடுபவருக்கு விற்பவர் ரகசியமில்லாமல் தரும் கையூட்டு இது. சுற்றுலாப் பயணியைவிட அலுவல் பயணியையே திட்டங்கள் எப்போதும் குறிவைத்ததற்கும் இதுதான் காரணம். அதிகம் பறப்பவர் அவர் என்பது பாதிக் காரணம். கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாதவர் என்பது மீதி.

சாலையின் மறுபக்கத்து அரசு அலுவலர்களின் நிலை வேறு. அலுவல் பயணத்துக்கு அரசு விமானத்தையே எடுக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2009 ஜூலையில் நிதி அமைச்சகம் அதை இறுக்கி, அரசுச் செலவிலான விமானப் பயணம் எல்லாம் ஏர் இந்தியாவில்தான் என்று ஆணையிட்டது. விடுமுறைப் பயணச் சலுகையும் அதில் அடக்கம். அலுவல் பயணத்தில் சேரும் மைல் புள்ளிகளைத் துறையே அடுத்த அலுவல் பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும், சொந்தத் தேவைக்கு எடுத்தால் துறைரீதியான நடவடிக்கை வரும் என்றும் விதி செய்யப்பட்டது. நேர்மையான விதிதான். ஆனால் அதைக் கடைப்பிடித்தால் புள்ளியின் கவர்ச்சியே போய்விடுகிறது என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. இதே விஷயம் ஜெர்மனியில் 2002-ல் அரசியல் புயலாக வெடித்தது. அரசுப் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்கு எடுத்த செய்தி வெளியானதும் பெர்லின் மாநில அமைச்சர் கிரிகோர் கீசி பதவி விலகினார். நம் நாட்டில் அரசு ஊழியரின் கட்டாய விசுவாசம் முடிவுக்கு வந்தது ஏர் இந்தியாவையே அரசு விற்றபோது. 2022 ஜனவரியில் அது டாட்டா குழுமத்தின் கைக்குப் போயிற்று.

பெங்களூர் இந்தக் கதைக்குத் தந்தது இரண்டு நேரெதிரான பதில்கள். முதலாவது, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத் 2003 ஆகஸ்டில் தொடங்கிய ஏர் டெக்கான். தமிழ் வாசகர்களுக்கு அவர் கதை 'சூரரைப் போற்று' படத்தின் வழியே பழக்கம். ஆர்.கே.லக்ஷ்மணின் 'சாமானியன்' உருவத்தை அது தன் சின்னமாக வைத்துக்கொண்டது. சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள், ஒரு ரூபாய்ப் பயணச்சீட்டு விளம்பரங்கள், தண்ணீருக்குக்கூடக் காசு. பயணியிடம் விசுவாசத்தை அது கேட்கவில்லை. குறைந்த விலையைக் காட்டியது, அவ்வளவே. முதன்முறை விமானம் ஏறுபவருக்குப் புள்ளிக் கணக்கு எதற்கு என்ற தெளிவு அதில் இருந்தது. நேரத்துக்குக் கிளம்பாத விமானங்களைப் பற்றிய புகார்களும் அதே அளவுக்கு இருந்தன.

இரண்டாவது பதில் 2005 மே மாதம் வந்த கிங்ஃபிஷர். விஜய் மல்லையா பயணிகளை விருந்தினர் என்றே அழைக்கச் செய்தார். இருக்கைக்கு இருக்கை திரை, நல்ல சாப்பாடு, நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ள ஆள், இவற்றோடு 'கிங் கிளப்' என்ற புள்ளித் திட்டம். ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் அலுவலகம் வைத்திருந்த கம்பெனிகளின் ஊழியர்களுக்கு இது பொருந்தியது. 2007-ல் கிங்ஃபிஷர் ஏர் டெக்கானின் பங்குகளை வாங்கியது. 2008-ல் டெக்கான் 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. சாமானியன் மறைந்து, சிவப்புப் பறவை வந்தது. விலைக்காக வந்த பயணியையும் உபசாரத்துக்காக வந்த பயணியையும் ஒரே கொடியின் கீழ் கொண்டுவந்தது நிறுவனத்துக்கு எந்த வகையிலும் உதவவில்லை. தொடங்கியதிலிருந்து எந்த ஆண்டிலும் அது லாபம் காணவில்லை.

அதே 2008-ல் விமான நிலையமே இடம்பெயர்ந்தது. எச்.ஏ.எல். முனையம் தன் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கிக்கொண்டிருந்தது. இறுதி ஆண்டில் சுமார் ஒரு கோடிப் பயணிகள் அதைக் கடந்தார்கள். மே 24 அன்று தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்ததும் பழையது பயணிகளுக்கு மூடப்பட்டது. மூடக் கூடாது என்று முறையீடுகள் எழுந்தன. விமான நிலைய ஆணைய ஊழியர்கள் அந்த மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹிர்ஷ்மன் சொன்ன குரல் என்றால் அதுதான். பலிக்கவில்லை. புதிய நிலையத்தை நடத்தும் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறு விமான நிலையம் வளரக் கூடாது என்ற விதி இருந்தது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஓடுதளம் இருந்த ஊரிலிருந்து இனிச் சுமார் 40 கிலோமீட்டர் போக வேண்டும். எந்த விமானம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்குக் கிடைத்த காலத்தில், எந்த நிலையம் என்ற உரிமை இல்லாமல் போயிற்று.

கிங்ஃபிஷரின் வீழ்ச்சி புள்ளிகளின் உண்மை நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2012 பிப்ரவரி 10 அன்று அது 'ஒன்வேர்ல்ட்' கூட்டணியில் சேர இருந்தது. சேர்ந்திருந்தால் கிங் கிளப் புள்ளிகளைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் கேத்தே பசிஃபிக் வரை செலவழித்திருக்கலாம். குறித்த நாளுக்குச் சில நாட்களுக்கு முன் இணைப்பு நிறுத்திவைக்கப்பட்டது. அக்டோபரில் பறப்பது நின்றது, உரிமமும் இடைநிறுத்தப்பட்டது. 2016 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. வங்கிகளுக்கு ஏறத்தாழ 9,000 கோடி ரூபாய் பாக்கி; ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. புள்ளி வைத்திருந்தவர்கள் இந்த வரிசையில் எங்கும் இல்லை. பழைய மளிகைக் கடையில் பற்று நோட்டு வைத்திருந்தவர் கடைக்காரர்; வாடிக்கையாளரை நம்பி அவர்தான் கடன் கொடுத்தார். விமானப் புள்ளியில் இது தலைகீழ். பயணி முன்கூட்டியே பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் ஏதோ ஒரு நாள் ஓர் இருக்கை கிடைக்கும் என்று நிறுவனத்தை நம்பிக் காத்திருக்கிறார். கடன் கொடுத்தவர் பயணி. அதை அவர் கடன் என்று அறியாததுதான் திட்டத்தின் சாமர்த்தியம்.

கணக்காளர்கள் அதை நன்றாகவே அறிவார்கள். 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 115-ஆம் இந்தியக் கணக்கியல் தரநிலைப்படி, பயணச்சீட்டுப் பணத்தில் புள்ளிக்குரிய பகுதியை நிறுவனம் உடனே வருவாயாகக் காட்டக் கூடாது; பொறுப்பாக எழுதிவைத்து, புள்ளி செலவானபோதோ காலாவதியானபோதோதான் வருவாயில் சேர்க்க வேண்டும். எத்தனை பேர் தங்கள் புள்ளிகளை ஒருபோதும் பயன்படுத்த மாட்டார்கள் என்ற மதிப்பீடும் அந்தக் கணக்கில் உண்டு. உறுப்பினரின் மறதிக்கும் ஏட்டில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஜெட் ஏர்வேஸின் கதை வேறு வழியில் போயிற்று, அதுவே அதிகம் சொல்கிறது. ஜெட்பிரிவிலேஜ் தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டு, 2014-ல் அபுதாபியின் எதிஹாத் அதில் 50.1 சதவீதத்தை 15 கோடி டாலருக்கு வாங்கியது. விமானமோ விமானியோ இல்லாத ஒரு கம்பெனிக்கு இந்த விலை. அதன் சரக்கு உறுப்பினர் பட்டியலும் புள்ளிகளும்தான். வங்கிகள் தங்கள் கடன் அட்டை வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக அந்தப் புள்ளிகளைக் காசு கொடுத்து வாங்கின. 2019 ஏப்ரல் 17 இரவு ஜெட்டின் கடைசி விமானம் தரையிறங்கியது. புள்ளித் திட்டம் தரையிறங்கவில்லை. அந்த நவம்பரில் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு, விடுதி அறைக்கும் பெட்ரோலுக்கும் கடைப் பொருளுக்கும் புள்ளிகளை மாற்றித் தந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஜெட்டைக் கலைக்க உத்தரவிட்டபோது, விமான நிறுவனம் நின்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு விமான நிறுவனத்தின் மீதான விசுவாசத்துக்கு அத்தாட்சியாகச் சேர்ந்த புள்ளி, அந்த நிறுவனமே இல்லாதபோதும் செல்லுபடியானது என்றால், விசுவாசம் எதன்மீது இருந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

உலக அளவிலும் இதே திசைதான். அமெரிக்காவில் 1980-களின் பிற்பாதியிலேயே வங்கிகள் விமான மைல் கடன் அட்டைகளை வெளியிட்டன. அமெரிக்கன் நிறுவனத்தின் மைல்களைத் தரும் சிட்டிபேங்க் அட்டை 1987-ல் வந்தது. அதன் பிறகு மைல் சேர்க்கப் பறக்க வேண்டிய தேவையே இல்லை. 2020-ல் பெருந்தொற்றில் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. அதற்காகத் திட்டத்துக்கு மதிப்பிடப்பட்ட தொகை 2,190 கோடி டாலர். அப்போது யுனைடெட்டின் பங்குகள் எல்லாவற்றின் சந்தை மதிப்பும் அதைவிடக் குறைவு. மறு ஆண்டு அமெரிக்கன் நிறுவனம் தன் திட்டத்தைக் காட்டி 1,000 கோடி டாலர் திரட்டியது. தானே அச்சிட்டு, தானே விலை வைத்து, தானே செல்லாமலாக்கக்கூடிய ஒரு நாணயத்தை வங்கிகளுக்கு விற்பதுதான் தொழிலின் நிலையான வருவாய் என்றாகிவிட்டது.

செல்லாமலாக்கும் உரிமை வெறும் பேச்சில்லை. திட்ட விதிகளில் ஏறக்குறைய எப்போதும் இரண்டு வாசகங்கள் இருக்கும்: புள்ளிகள் உறுப்பினரின் சொத்தல்ல, விதிகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தொம்மலூர்க் கல்வெட்டுகள் வெட்டப்பட்ட காலத்தில் கொடை கொடுத்தவர்கள் சந்திர சூரியர் உள்ளவரை என்று எழுதிக்கொடுப்பது வழக்கம்; விமானக் கம்பெனிகள் அடுத்த அறிவிப்பு வரை என்று எழுதுகின்றன. 1988-ல் அமெரிக்கன் ஏற்கனவே சேர்ந்திருந்த மைல்களின் பயனைக் குறைத்தபோது உறுப்பினர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். ஒப்பந்த மீறல் என்ற அளவில் வழக்காடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. அந்தக் கதவு எவ்வளவு குறுகியது என்பது 2014-ல் தெரிந்தது. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் உயர்நிலை உறுப்பினரான ஒரு யூத மதகுருவை, அடிக்கடி புகார் செய்கிறார் என்று கூறி 2008-ல் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். சில மாதங்களில் 24 புகார்கள் என்று கணக்கும் காட்டினார்கள். நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளும் கடமையை நிறுவனம் மீறியது என்ற அவருடைய வாதத்தை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்க மறுத்தது. கட்டுப்பாட்டை நீக்கிய 1978-ன் சட்டமே அத்தகைய வாதத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்றது. விசுவாசம் உள்ளவர் விலகாமல் குரல் எழுப்புவார் என்றார் ஹிர்ஷ்மன். இங்கே விலகாமல் குரல் எழுப்பியவரை நிறுவனமே விலக்கியது.

சந்தையியலாளர்களுக்கும் இந்தக் குழப்பம் தெரியாததல்ல. ஆலன் டிக், குணால் பாசு இருவரும் 1994-ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. திரும்பத் திரும்ப வாங்குவது வேறு, மற்றதைவிட இதுவே மேல் என்று மனத்தில் கருதுவது வேறு; இரண்டும் சேர்ந்தால்தான் மெய்யான விசுவாசம் என்பது அவர்களின் வாதம். மனத்தில் மதிப்பில்லாமல் வாங்கிக்கொண்டே இருப்பதைப் போலி விசுவாசம் என்று பிரித்தார்கள். பழக்கம், வசதி, வேறு வழியின்மை, சேர்ந்துவிட்ட புள்ளிகளை விட மனமில்லாமை எல்லாம் இரண்டாவது கட்டத்தில் விழுபவை. புள்ளித் திட்டங்கள் அளப்பது வாங்கும் எண்ணிக்கையை மட்டுமே.

அந்த அளவுகோலும் மாறிவிட்டது. முன்பு பறந்த தூரத்துக்குப் புள்ளி. தொலைதூர மலிவுச் சீட்டு வாங்குபவர் கெட்டிக்காரர். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும் கொடுத்த பணத்துக்குப் புள்ளி என்று மாற்றின. அதே ஆண்டு ஜனவரியில் இந்தியாவில் பறக்கத் தொடங்கிய விஸ்தாரா, ரூபாய்க் கணக்கில் புள்ளி தந்தது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது அதன் உறுப்பினர்களின் புள்ளிகள் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸுக்கு மாற்றப்பட்டன. அந்தத் திட்டமும் பணக் கணக்குக்கு மாறி, 2025-ல் 'மஹாராஜா கிளப்' எனப் பெயர் பெற்றது. விஸ்தாராவை விரும்பி ஏறியவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எத்தனை ஆண்டுகளாக வருகிறார் என்பதைவிட எவ்வளவு செலவிடுகிறார் என்பதே இப்போது தரவரிசை. லவுஞ்சுக்கு அதுவும் தேவையில்லை. வங்கி அட்டை போதும். பெங்களூர் நிலையத்தின் லவுஞ்ச் வாசலில் நிற்கும் நீண்ட வரிசையைப் பார்த்தால், தனிச் சலுகை என்பது எல்லோருக்கும் கிடைத்தபின் என்னவாகும் என்பது புரியும். வங்கிகளும் செலவு வரம்பு வைத்து இதை இறுக்கத் தொடங்கியுள்ளன.

இந்த வரலாற்றுக்குள் அடங்காமல் நின்றது இண்டிகோ. 2006 ஆகஸ்டில் தொடங்கி 18 ஆண்டுகள் அது தனக்கென்று ஒரு புள்ளித் திட்டம் இல்லாமலே பறந்தது. வங்கியுடன் ஒரு கூட்டு அட்டை இருந்தது, அவ்வளவே. பெரும்பாலும் ஒரே வகை விமானங்கள், நேரத்துக்குக் கிளம்புதல், ஒரே தடத்தில் நாள் முழுக்கப் பல விமானங்கள்: இவற்றைக் கொண்டே உள்நாட்டுப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஈர்த்தது. காலை ஆறு மணிக்கு டெல்லி போய் இரவு திரும்ப வேண்டிய கோல்ஃப் லிங்க்ஸ் ஊழியர் புள்ளியைப் பார்ப்பதில்லை, அட்டவணையைப் பார்க்கிறார். விசுவாசத் திட்டங்கள் இல்லாமல் வாடிக்கையாளர் தங்க மாட்டார் என்ற துறையின் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய எதிர்ச்சாட்சி வேறு நாட்டில் கிடைப்பது கடினம். அப்படியிருந்தும் 2024 ஆகஸ்டில் இண்டிகோ 'புளூசிப்' திட்டத்தை அறிவித்தது. உயர்வகுப்பு இருக்கைகளைக் கொண்டுவந்த கையோடு டாட்டா குழுமத்தின் வசதியான பயணிகளைக் கவர்வது ஒரு நோக்கம். புள்ளிகளை விற்க வங்கிகள் தயாராக நிற்பது இன்னொன்று.

2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணிநேரம் குறித்த புதிய விதிகளுக்குத் தேவையான ஏற்பாடு இல்லாமல் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் நாடு முழுக்க ரத்தாயின. தேவனஹள்ளியில் பயணிகள் பெட்டிகளோடு மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறியது, அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. அட்டவணை சீரானதும் பயணிகள் இண்டிகோவுக்கே திரும்பினார்கள். பல சிறு நகரங்களுக்கு நேரடியாகப் பறக்க வேறு நிறுவனம் இல்லை.